‘எக்ஸர்ட்’ எங்கே இடறுகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆங்கிலத்தில் இ, எக்ஸ், இ, ஆர், டி என்று ஐந்தே எழுத்து. எக்ஸர்ட். பள்ளி இயற்பியலில் விசைப் பாடத்தில் வரும், இதய மருத்துவரின் சீட்டில் வரும், ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு நெருக்கடி தருவதாகச் சொல்லும் செய்திகளில் அன்றாடம் வரும். படிக்கும்போது யாருக்கும் சிக்கல் இல்லை. நாமே எழுத உட்காரும்போதுதான் வாக்கியம் நொண்டும். எந்தக் காலில் அடி என்று மட்டும் தெரியாது.

பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. விண்ணப்பக் கடிதம், ஆய்வேட்டுச் சுருக்கம், அலுவலக அறிக்கை என்று எது வந்தாலும் இந்தச் சொல்லில் விழும் பிழைகள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டு வகைதான். அவற்றைத்தான் இங்கே அறிகுறிவாரியாக வைத்திருக்கிறேன். உங்கள் வாக்கியம் எந்த அறிகுறியைக் காட்டுகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் வயர்மேன் வந்ததும் முதலில் ஃபியூஸைப் பார்ப்பது போல, எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதலில் ஃபியூஸ்

அகராதியைப் புரட்டினால் இந்தச் சொல்லுக்கு ‘முயற்சி செய், பிரயோகி, செலுத்து’ என்கிற மாதிரிப் பொருள்கள் இருக்கும். முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொண்டு நாம் ஓடிவிடுகிறோம். முக்கால்வாசிப் பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. ‘முயற்சி செய்’ என்பதைத் தள்ளி வையுங்கள். ‘செலுத்து’ என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

‘முயன்றான்’ என்றால் தமிழில் வாக்கியம் முடிந்துவிட்டது. ‘உழைத்தான்’ என்றாலும் அப்படித்தான். ‘செலுத்தினான்’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் அடுத்த நொடியே, எதை, யார் மேல் என்று கேட்பார். ‘எக்ஸர்ட்’ இந்த இரண்டாவது சாதி. எதை, எதன் மேல் என்ற இரண்டு கேள்விக்கும் உங்கள் வாக்கியத்தில் பதில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஃபியூஸ் சோதனை. முதல் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் வாக்கியம் நிச்சயம் பிழை. இரண்டாவதற்குப் பதில் சில இடங்களில் வெளியே தெரியாமல் இருக்கலாம்.

ஏன் இப்படி என்பதற்குச் சொல்லின் பிறப்பே காரணம். லத்தீனில் ‘எக்ஸ்ஸெரெரே’ என்றால் உள்ளே இருப்பதை வெளியே நீட்டுவது. நீட்ட வேண்டுமானால் நீட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? செம்பருத்திப் பூவின் நடுவிலிருந்து இதழ்களைத் தாண்டி ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அதைத் தாவரவியலாளர்கள் இன்றும் இதே சொல்லின் பழைய உருவத்தால்தான் குறிக்கிறார்கள். நடுவில் ஒரு எஸ் கூடுதலாக, இ-எக்ஸ்-எஸ்-இ-ஆர்-டி-இ-டி என்று எழுதுவார்கள். யாராவது அதை எழுத்துப்பிழை என்று திருத்தினால் தடுத்துவிடுங்கள். நமக்கு வேண்டிய சொல்லில் அந்த எஸ் தேய்ந்துபோனது. நீட்டுவது பூவின் தண்டாக இருந்தது போய் வலிமையாக, அழுத்தமாக, செல்வாக்காக ஆகிவிட்டது.

அறிகுறி: வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது போல இருக்கிறது

‘ஐ எக்ஸர்ட்டட் எ லாட் டு பாஸ் திஸ் எக்ஸாம்.’ எனக்கு வரும் தாள்களில் மிக அதிகமாகப் பார்ப்பது இதைத்தான். ‘இந்தத் தேர்வில் தேற நான் ரொம்ப உழைத்தேன்’ என்று தமிழில் நினைத்து, உழைத்தேன் இருந்த இடத்தில் எக்ஸர்ட்டை வைத்தாயிற்று. ஃபியூஸ் போய்விட்டது. எதைச் செலுத்தினீர்கள் என்பதற்கு வாக்கியத்தில் பதில் இல்லை.

நானும் இதில் விழுந்தவன்தான். முதல் வேலையில் சேர்ந்த புதிதில், சரக்கு இறக்கி ஏற்றி இடுப்பு பிடித்துக்கொண்ட மறுநாள் விடுப்புக் கடிதம் எழுதினேன்: நேற்று நான் ‘எக்ஸர்ட்டட்’, ஆகையால் இன்று வர இயலவில்லை. மேலாளர் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘வாட்?’ என்று ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்பினார். என்னிடம் விளக்கம் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, எத்தனை மூட்டை என்று கணக்குப் போட்டு இரண்டாவது கடிதம் எழுதினேன். அவர் கேட்டது இலக்கணக் கேள்வி என்பது பல மாதம் கழித்துத்தான் உறைத்தது.

சரி, திருத்தம். உழைப்பைச் சொல்ல வேண்டுமானால் செலுத்தப்படும் பொருள் நீங்களேதான். ‘ஐ எக்ஸர்ட்டட் மைசெல்ஃப்.’ தேர் செலுத்துவது, வண்டி செலுத்துவது போல உங்களையே நீங்கள் செலுத்துகிறீர்கள். ‘உடம்பை வருத்திக்கொண்டேன்’ என்று நாம் சொல்வதில் ‘கொண்டேன்’ செய்யும் வேலையை அங்கே ‘செல்ஃப்’ செய்கிறது. அந்த ‘கொள்’ளை விட்டுவிட்டு ‘வருத்தினேன்’ என்று மட்டும் சொன்னால் எப்படி இருக்கும்? ஆங்கிலக் காதுக்கு செல்ஃப் இல்லாத எக்ஸர்ட்டும் அப்படித்தான் இருக்கும்.

ஆளுக்கு ஏற்ற செல்ஃப் வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ஹிம்செல்ஃப், அவளுக்கு ஹெர்செல்ஃப், எங்களுக்கு அவர்செல்வ்ஸ், அவர்களுக்குத் தெம்செல்வ்ஸ். பன்மைக்கு ‘அவர்செல்ஃப்’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. அப்புறம், செல்ஃப் சேர்த்த பிறகு இரண்டாவது கேள்வியான ‘எதன் மேல்’ தேவைப்படாது. என்ன செய்ய என்பதை மட்டும் பின்னால் சேர்த்தால் போதும்: ‘ஷீ எக்ஸர்ட்டட் ஹெர்செல்ஃப் டு ஃபினிஷ் தி ரேஸ்.’

அறிகுறி: தமிழில் ‘செலுத்து’ கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆங்கிலம் மட்டும் கோணலாக இருக்கிறது

ஃபியூஸ் சோதனையை நம்பி நடந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பொறுப்பு என்னுடையதுதான், செலுத்து என்று சொல்லிக்கொடுத்தவன் நான்.

தமிழில் நாம் எதையெல்லாம் செலுத்துகிறோம் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். விசை, அழுத்தம், செல்வாக்கு, அதிகாரம், ஆதிக்கம். கூடவே கட்டணம், அபராதம், வரி. அஞ்சலி, மரியாதை, நன்றி. கவனம். அன்பு. தடுப்பூசி. கோயிலில் காணிக்கை. பால்குடம், முடி என்று நேர்த்திக்கடன். இத்தனைக்கும் ஒரே வினை. முதல் ஐந்துக்கு மட்டுமே எக்ஸர்ட் போகும். மற்றவற்றில் பாதிக்கு ஆங்கிலத்தில் வேறு ஒரு சொல் கடையைப் பிடித்து வைத்திருக்கிறது: பே. கட்டணமும் பே, அபராதமும் பே, மரியாதையும் பே, அஞ்சலியும் பே, கவனமும் பே. ‘பே அட்டென்ஷன்’ என்று ஆசிரியர் கத்தியதை நாமெல்லாம் கேட்டவர்கள்தான், ஆனாலும் ‘எக்ஸர்ட் அட்டென்ஷன் ஆன் யுவர் ஸ்டடீஸ்’ என்று எழுதிய தாள் என் மேசைக்கு வந்திருக்கிறது.

எப்படிப் பிரிப்பது? கொடுத்தபின் அது யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். கட்டணம் செலுத்தினால் பணம் அவர்களிடம் போய்விடுகிறது. அஞ்சலி செலுத்தினால் அது மறைந்தவருக்குச் சேர்ந்துவிட்டது. அழுத்தம் செலுத்தினால் யார் கைக்கும் எதுவும் போய்ச் சேரவில்லை. உங்களிடமிருந்து கிளம்பிய ஒன்று எதிராளியைத் தள்ளியது அல்லது வளைத்தது, அவ்வளவுதான். தள்ளுவதும் வளைப்பதும் எக்ஸர்ட். ஒப்படைப்பது பே. கவனத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று வாதாடலாம்தான். ஆனால் ஆங்கிலேயன் அதைக் கடன் தீர்ப்பது போல நினைத்துக்கொண்டான், நாம் ஒத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

மிச்சம் இருப்பவை: தடுப்பூசிக்கு அட்மினிஸ்டர் அல்லது வெறும் கிவ், அன்புக்கு ஷோ. நேர்த்திக்கடனுக்கு ஃபுல்ஃபில் எ வவ்.

நேரமும் இந்த வகையில் தடுக்கும். ‘எக்ஸர்ட் டைம்’ என்று எதுவும் இல்லை, நேரத்தை ஸ்பெண்ட் செய்யத்தான் முடியும். ஆற்றலை எக்ஸர்ட் செய்வதாகச் சிலர் எழுதுவதுண்டு, ஆனால் செலவழிந்துபோகும் ஆற்றலுக்கு எக்ஸ்பெண்ட் என்ற சொல்தான் பொருந்தி உட்காரும்.

அறிகுறி: ‘டு’ போட்ட இடத்தில் சிவப்புக் கோடு விழுகிறது

‘தே எக்ஸர்ட்டட் பிரஷர் டு தி ஆஃபீசர்.’ இந்த ‘டு’ எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ‘அதிகாரிக்கு அழுத்தம் கொடுத்தார்கள்.’ அந்த நான்காம் வேற்றுமை ‘-க்கு’ அப்படியே கப்பலேறிப் போயிருக்கிறது. இதையே ‘அதிகாரி மீது அழுத்தம் செலுத்தினார்கள்’ என்று நினைத்திருந்தால் ‘ஆன்’ தானாக வந்திருக்கும். எழுதும் முன் தமிழை ஒருமுறை ‘மீது’ போட்டு மாற்றிக்கொள்வதுதான் மருந்து.

ஆனால் ‘மீது’ ஒன்று, ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு வாசல். பிரஷர், ஃபோர்ஸ், புல் எல்லாம் ஆன் வழியாகப் போகும். கன்ட்ரோல், அத்தாரிட்டி, பவர், டாமினன்ஸ் எல்லாம் ஓவர் வழியாகப் போகும். தொட்டுத் தள்ளுவது ஆன். மேலே இருந்து ஆள்வது ஓவர்.

இன்ஃப்ளுயென்ஸ் இரண்டு வாசலிலும் நுழையும். ‘இன்ஃப்ளுயென்ஸ் ஆன் தி ரிசல்ட்’ என்றால் முடிவை அது பாதித்தது. ‘இன்ஃப்ளுயென்ஸ் ஓவர் தி மினிஸ்டர்’ என்றால் அமைச்சர் அவர் பேச்சைக் கேட்பார். நம் ஊரில் ‘இன்ஃப்ளுயென்ஸ் யூஸ் பண்ணி வாங்கிட்டான்’ என்றால் சிபாரிசு, பின்வாசல் என்ற வாடை உடனே வந்துவிடும். எக்ஸர்ட் இன்ஃப்ளுயென்ஸ் என்பதில் அந்த வாடை கட்டாயம் இல்லை. ஒரு ஆசிரியர் மாணவர் மீதும், ஒரு இசை மரபு இன்னொன்றின் மீதும் இதைச் செலுத்தலாம். கெட்டதாகச் சொல்ல வேண்டுமானால் ‘அன்டியூ’ என்ற அடையைச் சேர்க்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 16ஆம் பிரிவில் விளக்குவது அந்த ‘அன்டியூ இன்ஃப்ளுயென்ஸ்’தான்: மற்றவரின் விருப்பத்தை அடக்கியாளும் நிலையில் இருப்பவர், அந்த நிலையைக் கொண்டு நியாயமற்ற ஆதாயம் பெறுவது.

தமிழில் ‘செல்வாக்குச் செலுத்து’ என்பதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். செல்லும் வாக்கு செல்வாக்கு. செல்ல வைப்பது செலுத்துவது. ஒரே வேரைச் சொல்லுக்கு இரண்டு பக்கமும் கட்டி வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இந்தச் சுகம் கிடையாது.

அறிகுறி: யார் தள்ளினார், யார் தள்ளப்பட்டார் என்று குழம்புகிறது

இயற்பியல் விடைத்தாள்களின் நிரந்தர நோய். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் பாதி மாணவர்கள் மதிப்பெண் இழப்பது இயற்பியல் தெரியாமல் அல்ல, ‘பை’யும் ‘ஆன்’னும் இடம் மாறுவதால்.

‘தி ஃபோர்ஸ் எக்ஸர்ட்டட் பை தி பேட் ஆன் தி பால்.’ பேட் செலுத்துகிறது, பந்து வாங்கிக்கொள்கிறது. பைக்குப் பின்னால் வருவது கொடுப்பவர், ஆன்னுக்குப் பின்னால் வருவது வாங்குபவர். தமிழில் சொன்னால் பேட்டால் பந்தின் மீது செலுத்தப்பட்ட விசை. ‘ஆல்’ என்றால் பை, ‘மீது’ என்றால் ஆன். இது புரிந்துவிட்டால் பெரும்பாலான தேர்வுக் கேள்விகள் நேராகிவிடும்.

புரியாமல் போவது நியூட்டனின் மூன்றாம் விதியில். பேட் பந்தின் மீது செலுத்தும் விசைக்குச் சமமான விசையைப் பந்தும் பேட்டின் மீது எதிர்த்திசையில் செலுத்துகிறது. அதனால்தான் அடிக்கும்போது கை அதிர்கிறது. இரண்டும் சமம், எதிரெதிர் என்றால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடாதா என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார். விடை ஆன்னில் இருக்கிறது: ஒன்று பந்தின் மீது, இன்னொன்று பேட்டின் மீது. இரண்டும் ஒரே பொருளின் மீது விழவில்லை, ஆகவே அடித்துக்கொள்ள வழியில்லை. வாக்கியத்தில் ஆன்னை விட்டுவிட்டு எழுதும் மாணவர் இந்த விடையையும் சேர்த்து விட்டுவிடுகிறார்.

இதிலேயே இன்னொரு சங்கடம் உண்டு. உயிரில்லாதது எப்படிச் செலுத்தும் என்று தமிழ் மனம் தயங்கும். மேசை மேல் புத்தகம் சும்மா கிடக்கிறது, அது போய் என்னத்தைச் செலுத்துகிறது? ஆங்கிலத்தில் அந்தத் தயக்கமே கிடையாது. புத்தகம் மேசை மீது எக்ஸர்ட் செய்யும், மேசை திருப்பிச் செய்யும், சிலிண்டரில் அடைத்த வாயு சுவர் மீது செய்யும். நிலா கடல் மீது ஈர்ப்பைச் செலுத்துவதால் ஓதம் ஏறி இறங்குகிறது. நம் தலைக்கு மேலுள்ள காற்றும் சும்மா இல்லை. கடல் மட்டத்தில் அது செலுத்தும் அழுத்தத்தை 101325 பாஸ்கல் என்று நியமமாக வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடை என்று வைத்துக்கொள்ளலாம். 100 சதுர சென்டிமீட்டர் உள்ளங்கைக்கு ஒரு நெல் மூட்டைக்கு மேலேயே கனம். கீழிருந்தும் அதே அளவு அழுத்துவதால் நமக்குத் தெரிவதில்லை. இத்தனையும் உயிரில்லாதவை செய்யும் வேலை. ஆகவே எழுவாயில் மனிதரைத் தேடாதீர்கள்.

இந்த வாக்கியங்களில் சாதாரண நிகழ்காலம் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ‘எக்ஸர்ட்ஸ்’. எப்போதும் நடப்பதைச் சொல்லும்போது ‘ஈஸ் எக்ஸர்ட்டிங்’ தேவையில்லை.

அறிகுறி: உரிமை, எச்சரிக்கை, அதிகாரம் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஏதோ உறுத்துகிறது

‘எக்ஸர்ட் யுவர் ரைட் டு வோட்.’ உறுத்துவது சரிதான். ‘உரிமையைப் பிரயோகி’ என்ற தமிழில் உள்ள ‘பிரயோகி’, அகராதியில் எக்ஸர்ட்டுக்கு நேராக இருப்பதால் வந்த வினை. கையில் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துவதற்கு ஆங்கிலத்தில் எக்ஸர்சைஸ். உடற்பயிற்சிக்கு நாம் சொல்லும் அதே சொல்தான். இந்திய அரசமைப்புச் சட்டத்தில் இதைப் பார்க்கலாம். பேச்சுரிமை போன்றவற்றின் மீதான நியாயமான கட்டுப்பாடுகளைச் சொல்லும் 19ஆவது உறுப்பில் உரிமையின் ‘எக்ஸர்சைஸ்’ என்றுதான் இருக்கும். குடியரசுத் தலைவரிடம் உள்ள நிர்வாக அதிகாரத்தைச் சொல்லும் 53ஆவது உறுப்பிலும் அதே வினை. எச்சரிக்கை, நிதானம், பொறுமை எல்லாவற்றுக்கும் இதுதான்: எக்ஸர்சைஸ் காஷன்.

உரிமை இல்லை என்று ஒருவர் சொல்ல, இருக்கிறது என்று நீங்கள் நெஞ்சை நிமிர்த்தினால் அது அஸர்ட். எக்ஸர்ட்டும் அஸர்ட்டும் லத்தீனில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், அதனால்தான் முகச்சாயல்.

அதிகாரத்தில் மூன்றுமே வரும். எக்ஸர்சைஸ் அத்தாரிட்டி என்றால் பதவி தந்த அதிகாரத்தை முறைப்படி பயன்படுத்துவது. அஸர்ட் அத்தாரிட்டி என்றால் இங்கே யார் பெரியவர் என்று காட்டுவது. எக்ஸர்ட் அத்தாரிட்டி என்றால் அந்த அதிகாரத்தின் பலம் மற்றவர் மேல் இறங்குவது. ஒரு தாசில்தார் காலையில் கோப்பில் கையெழுத்திடுவது முதல் வகை, ‘நான் தாசில்தார் பேசறேன்’ என்று போனை எடுப்பது இரண்டாவது. மூன்றாவதில் ஊரே அவர் சொல்படி நடக்கும். வேறுபாடு மெல்லியது, கண்டிப்பான ஆசிரியர்கூட ஒன்றுக்கு மற்றொன்றை விட்டுவிடுவார். ரைட், காஷன் இரண்டில் மட்டும் விடமாட்டார்.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனாலும் வாக்கியம் சட்டைக்காலரில் பட்டன் போட்டது போல இறுகியிருக்கிறது

‘வீ எக்ஸர்ட்டட் எஃபர்ட்ஸ்.’ பிழை என்று அடிக்க முடியாது. எக்ஸர்ட் எஃபர்ட் என்ற சேர்க்கையை அகராதிகள் ஒத்துக்கொள்கின்றன. பொருளாதாரக் கட்டுரைகளில் தொழிலாளியின் உழைப்பைப் பற்றிப் பேசும்போது அதுதான் வழக்கு. அரசாங்க அறிக்கைகளில் ‘எக்ஸர்ட் எவ்ரி எஃபர்ட்’ என்று வரும். ஆனால் நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் இது எதற்கு? மேக் ஆன் எஃபர்ட், புட் இன் எ லாட் ஆஃப் எஃபர்ட், டிரை ஹார்ட். அழுத்தத்துக்கு புட் பிரஷர் ஆன். வீட்டுக் கைலியில் இருக்கும் சொற்கள் இவை, பெரும்பாலான இடத்துக்கு இவை போதும். ‘கிவ் பிரஷர்’ மட்டும் வேண்டாம், அது நம் ஊர்த் தயாரிப்பு.

எக்ஸர்ட் தன் வீட்டில் இருப்பது போல உட்காரும் துறைகள் சில உண்டு. இயற்பியலைச் சொன்னேன். மருந்தியல் இன்னொன்று. ஒரு மருந்து தன் வேலையை எப்படிச் செய்கிறது என்று சொல்ல ‘எக்ஸர்ட்ஸ் இட்ஸ் எஃபெக்ட் பை’ என்று தொடங்குவது அங்கே வாடிக்கை. ஆஸ்பிரின் பல காலமாக விற்பனையில் இருக்கும் மருந்து. அது வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் உடலில் உருவாவதைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது என்று பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் காட்டியது 1971இல். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். அந்த மாதிரி வாக்கியத்தில் ‘எக்ஸர்ட்ஸ்’ஸை எடுத்துவிட்டு ‘டஸ்’ போட்டால்தான் உறுத்தும்.

அறிகுறி: பாராட்டப் போனது குத்தலாகிவிட்டது

மகனின் ஆசிரியருக்கு ஒருவர் எழுதினார்: ‘கைண்ட்லி எக்ஸர்ட் யுவர்செல்ஃப் ஃபார் மை சன்.’ என் மகனுக்காகக் கொஞ்சம் மெனக்கெடுங்கள் என்பது அவர் எண்ணம். ஆசிரியர் படித்தது: இதுவரை சும்மா இருந்தீர்கள், இனியாவது உடம்பை அசையுங்கள். எக்ஸர்ட் யுவர்செல்ஃப் என்று எதிரே இருப்பவரிடம் சொல்வதில் இந்த ஆபத்து உண்டு. ‘டோன்ட் எக்ஸர்ட் யுவர்செல்ஃப்’ என்பது இன்னும் இரண்டு முகம். மருத்துவர் சொன்னால் அக்கறை. சோபாவில் சாய்ந்திருக்கும் தம்பியிடம் அக்கா சொன்னால், ‘ஐயோ பாவம், ரொம்ப சிரமப்பட்டுடாதே!’

அக்கறையோடு சொல்ல நாம் தமிழிலேயே ‘ஸ்ட்ரெயின் பண்ணிக்காதீங்க’ என்கிறோம். அதை எழுதும்போது ‘டோன்ட் டேக் ஸ்ட்ரெயின்’ ஆகிவிடுகிறது, அதுவும் நம் ஊர்த் தயாரிப்புதான். ‘டேக் இட் ஈஸி’ என்றாலே போதும்.

அறிகுறி: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘எ’ வேண்டுமா வேண்டாமா

பிரஷர் நெருக்கடி என்ற பொருளில் வந்தால் வேண்டாம். இத்தனை பாஸ்கல் என்று அளவு சொன்னால் ‘எ பிரஷர் ஆஃப்’. ஃபோர்ஸுக்கு விசை என்ற பொருளில் வேண்டும். இன்ஃப்ளுயென்ஸ் தனியாக நின்றால் வேண்டாம், முன்னால் ஒரு அடை வந்தால் போடுங்கள்: எ ஸ்ட்ராங் இன்ஃப்ளுயென்ஸ். கன்ட்ரோலுக்குப் பெரும்பாலும் வேண்டாம்.

அறிகுறி: காதில் விழுந்தது ஒன்று, எழுதியது வேறு

நான் இங்கே எக்ஸர்ட் என்று எழுதுவது கண்ணுக்குப் பழகட்டும் என்றுதான். உச்சரிப்பில் முதல் எழுத்து ‘எ’ அல்ல, ‘இ’. அழுத்தம் இரண்டாவது அசையில் விழும். நடுவில் உள்ள எக்ஸ், ‘பக்கம்’ என்பதில் வரும் க் அல்ல, ‘தங்கம்’ என்பதில் வரும் க. அதை ஒட்டி வரும் ஸும் தேனீ ரீங்காரம் போல அதிரும். அழுத்தம் பெற்ற உயிருக்கு முன்னால் எக்ஸ் வந்தால் இப்படித்தான் மென்மையாகும்: எக்ஸாம், எக்ஸாக்ட், எக்ஸிஸ்ட் மூன்றும் இதே கூட்டம். எக்ஸ்பர்ட், எக்ஸர்சைஸ், எக்ஸ்ட்ரா என்று முதல் அசையில் அழுத்தம் வந்தால் வல்லின ஒலி. இரண்டாவது அசை ‘ஷர்ட்’டோடு எதுகை.

அது ‘ஷார்ட்’டோடு எதுகையாக விழுந்தால் நீங்கள் கேட்டது எக்ஸார்ட், நடுவில் ஊமையாக ஒரு எச் உள்ள சொல். வற்புறுத்தி அறிவுரை சொல்வது என்று பொருள். எக்ஸ்டார்ட் என்றால் மிரட்டிப் பறிப்பது. ‘ஹீ எக்ஸ்டார்ட்டட் ஹிஸ் இன்ஃப்ளுயென்ஸ்’ என்று ஒரு கட்சிக்காரரைப் பற்றி யாரோ எழுதியிருந்தார்கள். அதைத் திருத்துவதா விட்டுவிடுவதா என்று கொஞ்சம் யோசித்தேன்.

பெயர்ச்சொல் எக்ஸர்ஷன். உடம்பின் மேல் விழும் வேலைப் பளு. மருத்துவக் குறிப்பில் ‘பிரத்லெஸ்னெஸ் ஆன் எக்ஸர்ஷன்’ என்று இருந்தால், ‘நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது’ என்று நோயாளி சொன்னதன் ஆங்கிலம் அது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் இதற்கு ஓர் அளவுகோலே வைத்தார். உங்களுக்கு எவ்வளவு சிரமமாகத் தோன்றுகிறது என்று 6 முதல் 20 வரை எண் சொல்ல வேண்டும். ஏன் 6இல் தொடங்குகிறது என்றால், எண்ணைப் பத்தால் பெருக்கினால் உத்தேசமான நாடித்துடிப்பு வர வேண்டும் என்பதற்காக. சும்மா உட்கார்ந்திருந்தால் 60, உயிரைக் கொடுத்து ஓடினால் 200. டிரெட்மில் சோதனையில் நடந்துகொண்டே இருக்கும்போது பக்கத்தில் நிற்பவர் எண் கேட்டால் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

இந்தச் சொல்லை எழுத்திலும் காதிலும் விழுங்கிவிடும் ஒரு பூதம் இருக்கிறது: எக்ஸ்கர்ஷன், பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போவார்களே, அந்தச் சுற்றுலா. எங்கள் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து டிஸ்சார்ஜ் செய்தபோது சீட்டின் கடைசி வரியில் ‘அவாய்ட் எக்ஸர்ஷன்’ என்று இருந்தது. வீட்டில் எல்லாரும் கூடிப் படித்து, குற்றாலம் போவதற்குப் பேசி வைத்திருந்த வேனை ரத்து செய்தோம். முன்பணம் திரும்ப வரவில்லை. பெரியப்பா ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஒத்துக்கொண்டு, ஊரிலேயே இருந்து, காலையும் மாலையும் கிணற்றிலிருந்து இருபது குடம் தண்ணீர் இறைத்துத் தென்னைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அடுத்த முறை பார்த்த மருத்துவர் சீட்டை வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு, அதற்குக் கீழே தமிழில் பெரிய எழுத்தில் எழுதினார்: தண்ணீர் இறைக்கக் கூடாது. குற்றாலம் போகலாம்.